ஃபோர்மட் அடிப்பதற்கு முன்: லினக்ஸ் பழுதுகளின் ஒரு சின்ன வரலாறு

நம்ம பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதானால் கிடைக்கிற மருந்து ஒன்றே ஒன்றுதான். "ஃபோர்மட் அடிச்சிருவோம்." அரநாயக்கவிலிருந்து மாவனெல்லைக்கோ கேகாலைக்கோ பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் மெஷின் புதுசு மாதிரி ஓடும். உள்ளே இருந்ததுதான் இருக்காது. ஏ.எல். நோட்ஸ், அண்ணனின் கல்யாணப் படங்கள், அம்மாவின் ஈ.பி.எஃப். கடிதத்தை ஸ்கேன் பண்ணி வைத்தது, எல்லாம் போயிருக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி வருகிற இடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து காரணம் தேட யாருக்கு நேரம்? அழித்துவிட்டு மறுபடி போடுவது அரை நாள் வேலை. காரணத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அழிப்பதே வழக்கமாகிவிட்டது. வழக்கமானதும், வேறு வழியே இல்லை என்று நாமும் நம்பிவிட்டோம்.

வேறு வழி இருக்கிறது. லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தின் வரலாற்றைச் சாதனைகளின் வரிசையாகத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். அதையே பழுதுகளின் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது, அதற்கு யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் முப்பது வருடமாக ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்: இயங்குதளம் வேறு, அதில் நீங்கள் சேர்த்து வைத்த உங்கள் பொருள் வேறு. முதலாவது போனால் மறுபடி போடலாம். இரண்டாவது போனால் போனதுதான். நல்ல திருத்தம் என்பது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

ஒரு கெட்டுப்போன டிஸ்க்கில் பிறந்தது

1991 ஓகஸ்ட் 25இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு இயங்குதளம் எழுதுவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அந்த நேரம் அவருடைய மெஷினில் இருந்தது மினிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். லினக்ஸை அதற்குள்ளிருந்துதான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியைக் கூப்பிடப் போனவர், டயல் பண்ணும் கட்டளையை மோடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி கெட்டுப்போனது.

அவருக்கு முன்னால் இரண்டு வழி. மினிக்ஸை மறுபடி இன்ஸ்டோல் பண்ணலாம். அல்லது, பாதி எழுதிய லினக்ஸையே முழு இயங்குதளமாகப் பாவிக்கத் தொடங்கலாம். அவர் இரண்டாவதை எடுத்தார். இதை அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஒரு டிஸ்க் கெட்டுப்போனதால்தான் லினக்ஸ் இன்னொன்றின் தயவு இல்லாமல் தனியாக நிற்கத் தொடங்கியது.

தொடக்கத்தில் "இன்ஸ்டோல்" என்று சொல்லக்கூடிய ஒன்றே இருக்கவில்லை. இரண்டு ஃப்ளொப்பி இருக்கும். ஒன்றில் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் இதயம். மற்றதில் சில அடிப்படைக் கட்டளைகள். டிஸ்க்கைப் பகுதி பிரிப்பதும் கோப்புகளைக் கொப்பி பண்ணுவதும் கையாலேயே செய்ய வேண்டும். அது தெரிந்தவர்கள்தான் போட்டார்கள்.

1992இல் எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்பு வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த முதல் தொகுப்புகளில் அது ஒன்று. ஆனால் பிழை நிறைய. அந்தப் பிழைகளில் கடுப்பான இரண்டு மாணவர்கள் அமெரிக்காவில் ஆளுக்கொரு வழியில் போனார்கள். பேட்ரிக் வோல்கர்டிங் எஸ்.எல்.எஸ்.ஸின் பிழைகளைத் திருத்தி 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்று வெளியிட்டார். இயன் மர்டொக் அடியிலிருந்து புதிதாகச் செய்வோம் என்று 1993 ஓகஸ்ட் 16இல் டெபியனை அறிவித்தார். இன்று நாம் பாவிக்கிற உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. லினக்ஸ் மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது. இந்தப் பரம்பரைக்கே மூலம் சரியாக வேலை செய்யாத ஒரு இன்ஸ்டோலர்தான்.

ஸ்லாக்வேரின் முதல் வெளியீடு 24 ஃப்ளொப்பிகள். 23ஆவது ஃப்ளொப்பியில் ஒரு கீறல் இருந்தால் அதைத் திரும்ப எழுதிக்கொண்டு வர வேண்டும். இது பழைய கதை மாதிரித் தெரியலாம். இன்றைக்கும் இன்ஸ்டோல் நடுவழியில் நின்றுபோவதற்கு முதல் காரணம் இதுதான்: பாதியில் அறுந்த டவுன்லோட், அல்லது தேய்ந்த பென்டிரைவ். லினக்ஸ் மின்ட் கோப்பு சுமார் 3 ஜிபி. மலைக்குப் பின்னால் சிக்னல் வந்துவந்து போகிற இடத்தில், ஃபோன் டேட்டாவில் அதை இறக்கினால் எங்காவது ஒரு துண்டு கெட்டுவிடலாம். அதனால்தான் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கொடுக்கிறார்கள். இறக்கிய கோப்பின் எண்ணும் தளத்தில் போட்டிருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இது வெறும் சடங்கு இல்லை. 2016 பெப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, டவுன்லோட் இணைப்பைத் திருட்டு வாசல் வைத்த ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் அணி அதை மறைக்கவில்லை. சரியான கோப்புகளின் எண்களை வெளியிட்டு, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னது.

"எல்.ஐ." என்று எழுதிவிட்டு நின்ற திரை

இன்ஸ்டோல் முடிந்துவிட்டது, மெஷினை ரீஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரை. லினக்ஸ் போட்டுப் பார்த்த எவருக்கும் இது தெரியும்.

கரண்ட் போட்டதும் கணினிக்குத் தன் இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல்தான் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதை பூட் லோடர் என்பார்கள். தொண்ணூறுகளில் வேர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ அந்த வேலையைச் செய்தது. அதில் ஒரு அழகான ஏற்பாடு இருந்தது. தன் பெயரின் நாலு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். நாலும் வந்தால் எல்லாம் சரி. "எல்" மட்டும் வந்து நின்றால், முதல் துண்டு ஏறிவிட்டது, இரண்டாவது துண்டை வாசிக்க முடியவில்லை. "எல்.ஐ." என்று நின்றால், இரண்டாவது துண்டும் ஏறிவிட்டது, ஆனால் ஓடவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் லிலோவே அங்கே இல்லை.

அதாவது மெஷின் செத்துப்போகும்போதும் எந்த இடத்தில் செத்தேன் என்று சொல்லிவிட்டுப் போகும். "ஏதோ பிழை, கடைக்குக் கொண்டுபோ" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

லிலோவுக்கு ஒரு பெரிய பலவீனம். கேர்னல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முகவரியாகத்தான் நினைவில் வைத்திருக்கும். கேர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால், பழைய முகவரியைத் தேடிப் போய் வெறும் இடத்தில் நிற்கும். லயத்தை இடித்துத் தள்ளிய பிறகும் பழைய லய நம்பருக்கே கடிதம் போடுகிற மாதிரி. இதற்கு விடையாக வந்ததுதான் க்ரப். 1995இல் எரிக் போலெய்ன் தொடங்கியது, பிறகு குனூ திட்டத்துக்குள் வந்தது. க்ரப்புக்குக் கோப்பு அமைப்பை வாசிக்கத் தெரியும். முகவரியை நம்பாமல் பெயரைச் சொல்லித் தேடும். தேடியது கிடைக்காவிட்டாலும் கட்டளை அடிக்க ஓர் இடம் தரும். "க்ரப் ரெஸ்க்யூ" என்று கறுப்புத் திரையில் வருகிறதே, அதைப் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அது, "எனக்கு வழி தெரியவில்லை, நீ சொல்லு" என்று மெஷின் கேட்கிற இடம். எந்தப் பகுதியில் லினக்ஸ் இருக்கிறது என்று சொன்னால் நாலைந்து வரியில் எழும்பிவிடும்.

நம்ம ஆட்களுக்கு இந்தத் திரை வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: லினக்ஸ் இருக்கிற மெஷினில் விண்டோஸை மறுபடி போட்டிருப்பார்கள், அல்லது பகுதிகளை மாற்றியிருப்பார்கள். பழைய மெஷின்களில் விண்டோஸ் போடும்போது அது டிஸ்க்கின் தொடக்கத்தில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் அழியவில்லை, வாசல் பலகைதான் மாறியிருக்கிறது. ஆனால் கடையில் கேட்டால் "லினக்ஸ் போச்சு" என்பார்கள். நாமும் நம்பிவிடுவோம். வாசலை மட்டும் திருத்த வேண்டிய இடத்தில் வீட்டையே இடித்துவிடுகிறோம்.

கரண்ட் போகிற ஊர்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அதற்கு முன்னும் பின்னும், சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்குகிற பின்னேரங்களில் இந்த மலைப்பக்கத்தில் கரண்ட் போவது புதுசில்லை. பட்டரி செத்த பழைய லெப்டொப், அல்லது யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டொப் என்றால் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும்.

தொண்ணூறுகளின் லினக்ஸ் இதற்கு மோசமாக அடிபட்டது. அப்போது பாவனையில் இருந்த எக்ஸ்ட் 2 என்ற கோப்பு அமைப்பு, கரண்ட் போனால் எது எழுதி முடிந்தது, எது பாதியில் நின்றது என்று தெரியாமல் முழிக்கும். அடுத்த முறை போட்டதும் டிஸ்க் முழுவதையும் ஒவ்வொரு மூலையாகச் சோதிக்க வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் மிக நீண்ட நேரம் பிடிக்கும். சோதனை நடக்கும்போதே மறுபடி கரண்ட் போனால் இன்னும் மோசம்.

ஸ்டீபன் ட்வீடி எழுதிய எக்ஸ்ட் 3, 2001 நவம்பரில் கேர்னலுக்குள் வந்தது. அது செய்த மாற்றம் நம்ம தோட்டத்து ஆளுக்குச் சட்டென்று விளங்கும். ரப்பர் பாலை அளந்ததும் முதலில் ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, பிறகு ஆறுதலாகச் செக்ரோலில் ஏற்றினால் எப்படி இருக்கும்? செக்ரோலில் ஏற்றும்போது மழை வந்து பாதியில் ஓட வேண்டியிருந்தாலும், துண்டைப் பார்த்தால் எது பதிந்தது, எது மிச்சம் என்று தெரியும். முழுக் கணக்கையும் முதலிலிருந்து போடத் தேவையில்லை. அந்தத் துண்டுதான் ஜேர்னல். இன்றைய எக்ஸ்ட் 4 வரைக்கும் அதே ஏற்பாடுதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜேர்னல் காப்பாற்றுவது கோப்பு அமைப்பின் ஒழுங்கை. நீங்கள் சேவ் பண்ணாத கட்டுரையை அது காப்பாற்றாது. இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுவதற்குப் பதிலாக எந்த மென்பொருளும் இல்லை.

தபாலில் வந்த சீடி

பழுதான வீட்டைத் திருத்த வெளியே நிற்க ஓர் இடம் வேண்டும். லினக்ஸுக்கு அந்த இடத்தைப் பரவலாக்கியவர் ஜெர்மனியின் கிளவுஸ் க்னொப்பர். 2000இல் அவர் வெளியிட்ட க்னொப்பிக்ஸ், சுருக்கி வைத்த ஒரு முழு இயங்குதளத்தைச் சீடியிலிருந்தே ஓட்டியது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. விண்டோஸ் எழும்பாத மெஷினிலும் சீடியைப் போட்டு, உள்ளே இருக்கிற கோப்புகளைப் பார்த்து, வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். லினக்ஸ் பிடிக்காதவர்கள்கூட மேசை லாச்சியில் ஒரு க்னொப்பிக்ஸ் சீடி வைத்திருந்த காலம் அது.

2004 ஒக்டோபரில் உபுண்டு வந்தது. மார்க் ஷட்டில்வேர்த்தின் நிறுவனம் உபுண்டு சீடிகளை உலகத்தின் எந்த மூலைக்கும் காசில்லாமல் தபாலில் அனுப்பியது. இணையம் மெதுவாகவும் விலையாகவும் இருந்த நாடுகளில் இது சாதாரண விஷயம் இல்லை. பெயரும் முகவரியும் கொடுத்தால் சில வாரத்தில் உறை வரும். 2011 ஏப்ரலில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். 2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பிலிருந்து, சீடியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் அங்கிருந்தே இன்ஸ்டோல் பண்ணும் வசதி வந்தது. வைஃபை வேலை செய்கிறதா, சவுண்ட் வருகிறதா என்று டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே பார்க்கலாம். இன்று பென்டிரைவில் நடப்பதும் அதேதான்.

இலங்கையில் இந்த வேலை கொழும்பைச் சுற்றித்தான் தொடங்கியது. லங்கா லினக்ஸ் பயனர் குழு இருந்தது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது இந்த வட்டத்து ஆட்களும் மற்றத் தொண்டர்களும் சேர்ந்து சில வாரங்களுக்குள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற பதிவு, எல்லாம் அதில் இருந்தன. திறந்தமூலம் என்பதால் லைசன்ஸ் வாங்கக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தெற்கு லேய்டேயில் மலை சரிந்து ஒரு கிராமமே புதைந்தபோது அங்கேயும் சஹானாவைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதே 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது சஹானாவுக்குக் கிடைத்தது. பிறகு தனிஷ்க நவீன் ஃபெடோராவை அடிப்படையாக வைத்து ஹந்தான லினக்ஸை உருவாக்கினார். கண்டி ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கியது அது.

மலையின் பெயர் லினக்ஸுக்கு வந்தது. லினக்ஸ் மலைத்தோட்டங்களுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு மொழியையும் பார்க்க வேண்டும்.

பிழைச் செய்தி எந்த மொழியில் வருகிறது

இன்ஸ்டோலர் என்பது பழைய காலத்தில் எழுத்து மட்டும் காட்டுகிற திரை. அந்தத் திரையில் அதிகம் போனால் 512 எழுத்து வடிவங்களைத்தான் வைத்திருக்கலாம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்குப் பிரச்சினை எண்ணிக்கை மட்டும் இல்லை. "கெ" என்று எழுதினால் கொம்பு முன்னால் போக வேண்டும். "கொ" என்றால் ஒரே உயிர்க்குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். அந்தத் திரைக்கு இந்த வேலை தெரியாது.

2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0, அதாவது எட்ச், வரைகலை இன்ஸ்டோலரைக் கொண்டுவந்தது. அதோடுதான் தமிழும் இன்ஸ்டோல் பண்ணும் மொழியாக அதில் வந்தது. ஹிந்தி, வங்காளம், மலையாளம், தாய், க்மெர் ஆகியவையும் கூட வந்தன. எழுத்துத் திரையில் காட்ட முடியாத இந்த மொழிகளை வரைகலையில் மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்று டெபியன் கையேடே சொன்னது. இந்த மொழிபெயர்ப்புகளைச் செய்தது கம்பெனிகள் இல்லை. மருத்துவர் தி. வாசுதேவன் மாதிரியான தனி ஆட்கள், வேறு தொழில் பார்த்துக்கொண்டே செய்தார்கள். தமிழ்நாட்டில் உபுண்டு தமிழ்க் குழுவை ஆமாச்சு என்று அறியப்பட்ட ஸ்ரீ ராமதாஸும் நண்பர்களும் கட்டினார்கள். 2012இல் த. ஸ்ரீநிவாசன் தொடங்கிய கணியம், லினக்ஸைத் தமிழில் படிக்க ஓர் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டு அரசின் இலவச லெப்டொப்களில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நிலைமை என்ன? எல்லாம் சரியாக ஓடும்போது கணினி தமிழ் பேசும். மெனு தமிழில் இருக்கும், இன்ஸ்டோலர் தமிழில் வரவேற்கும். பழுது வந்தால் அந்த நிமிடமே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். க்ரப் ரெஸ்க்யூ ஆங்கிலம், கறுப்புத் திரையில் ஓடுகிற கேர்னல் செய்தி ஆங்கிலம், அதைத் தேடினால் வருகிற விடையும் ஆங்கிலம். ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் தமிழ் பேசுகிறார்கள், டொக்டரின் அறைக்குள் போனதும் தமிழ் இல்லை என்கிற மாதிரி. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குப் பழுதுக் கட்டத்தில்தான் தமிழ் மிகவும் தேவை. அங்கேதான் அது இல்லை.

மீட்பது எதை?

"சிஸ்டம் ரிஸ்டோர்" என்ற சொல்லை நம்மில் பலர் விண்டோஸில் கேட்டிருப்போம். 2000இல் வந்த விண்டோஸ் எம்.ஈ.யில்தான் அது முதலில் வந்தது. லினக்ஸில் அந்த வேலையைச் சாதாரண ஆளுக்கும் எளிதாக்கியது டோனி ஜோர்ஜ் எழுதிய டைம்ஷிஃப்ட். 2017 நவம்பரில் வந்த லினக்ஸ் மின்ட் 18.3இலிருந்து அது கூடவே வருகிறது. 2022இல் மின்ட் அணியே அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. உள்ளே வேலை செய்வது 1996இலிருந்து இருக்கிற ஆர்சிங்க் என்ற கருவி. முதல் தடவை சிஸ்டம் முழுவதையும் கொப்பி எடுக்கும். அடுத்த தடவை மாறிய கோப்புகளை மட்டும் புதிதாக எடுத்து, மாறாததைப் பழைய பிரதியோடு இணைத்துவிடும். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு மெஷின் எழும்பவில்லையா? பென்டிரைவில் ஏற்றி, டைம்ஷிஃப்டைத் திறந்து, நேற்றைய நிலைக்குத் திருப்பலாம்.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிற இடம். டைம்ஷிஃப்ட் சும்மா விட்டால் உங்கள் ஹோம் ஃபோல்டரை எடுக்காது. படம், நோட்ஸ், கடிதம் எதுவும் அதில் இருக்காது. இது குறை இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. சிஸ்டத்தை நேற்றைக்குத் திருப்பும்போது இன்றைக்கு நீங்கள் எழுதிய கட்டுரையும் சேர்ந்து நேற்றைக்குப் போய்விடக் கூடாது. ஆனால் "பேக்கப் இருக்கு" என்று நினைத்து டிஸ்க்கை அழித்தவருக்கு இது பேரிடி. இன்னொன்று: பிரதியும் அதே டிஸ்க்கில் இருந்தால், டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். இடம் குறைந்த டிஸ்க்கில் பிரதிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் டிஸ்க் நிறைந்து, அதனாலேயே லொகின் பண்ண முடியாமல் போவதும் நடக்கும்.

ஒரே இடத்தில் வைத்த பிரதி பிரதியே இல்லை என்பதை அரநாயக்கவில் வந்து சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2016 மே 17இல் சாமசர மலை சரிந்து எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே பகுதிகளை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூறு பேருக்கு மேல். உயிரோடு வந்தவர்களுக்கும் வீட்டோடு கடதாசிகள் போயின. நம்ம ஆளுங்களுக்குக் கடதாசி எவ்வளவு பெரிய விஷயம் என்று 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக மூன்று தலைமுறை அலைந்த வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடதாசியை ஸ்கேன் பண்ணி ஒரே ஒரு லெப்டொப்பில் வைத்துவிட்டு, அந்த லெப்டொப்பை ஃபோர்மட்டுக்குக் கொடுப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதி எடுத்து வைப்பதற்குப் பின்னால் அந்த இழப்பின் பாடமும் இருக்கிறது. ஒரு சமூகத்தின் பேக்கப் அது. வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும், வேறொரு கூரைக்குக் கீழே.

புதிய பூட்டு

பழுதுகளின் கதை முடிந்துவிடவில்லை. 2012இல் விண்டோஸ் 8 மெஷின்களோடு செக்யூர் பூட் பரவலாக வந்தது. கையெழுத்து சரியாக இருக்கிற நிரலை மட்டும்தான் மெஷின் எழும்ப விடும். களவாக ஒரு நிரல் உள்ளே நுழைவதைத் தடுக்க அது உதவும். ஆனால் சாவிக்கொத்து மைக்ரோசொஃப்டின் கையில். லினக்ஸ்காரர்கள் ஷிம் என்ற சின்ன நிரலுக்கு அவர்களிடம் கையெழுத்து வாங்கி, அதன் வழியாக க்ரப்பை எழுப்பினார்கள்.

2024 ஓகஸ்ட் 13இல் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுப்பதற்காக வந்தது. லினக்ஸும் சேர்ந்து இருக்கிற மெஷின்களில் அது வேலை செய்யாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். நடந்தது வேறு. பலருடைய மெஷினில் விண்டோஸ் ஓடியது, லினக்ஸ் எழும்பவில்லை. பாதுகாப்புக் கொள்கை மீறல் என்றும், ஏதோ மிக மோசமாகப் பிழைத்துவிட்டது என்றும் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து மெஷின் அணைந்தது. அந்த இரண்டு வரியைப் பார்த்து எத்தனை பேர் டிஸ்க்கை அழித்திருப்பார்கள்! உண்மையில் டிஸ்க்கில் ஒன்றுமே கெடவில்லை. பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடையை ஒரு கட்டளையால் நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டால் சரி. சில நாளுக்குள் இந்த வழியைப் பாவனையாளர்களே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள்.

இது நமக்கு இப்போது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 சில்லு பழைய மெஷின்களில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் யாரோ பாவித்துக் கொடுத்த பழைய மெஷின்தான். அவற்றில் பல இனி லினக்ஸுக்குத்தான் வரும். அதோடு இந்தப் பழுதுகளும் வரும்.

வரிசை

அதனால் இந்த வரலாற்றைப் பாவிக்கக்கூடிய மாதிரி ஒரு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மெஷின் எழும்பவில்லை என்றால்:

1. திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஃபோனில் படம் எடுங்கள். லிலோ காலத்திலிருந்து பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

2. சரிபார்த்த பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றுங்கள். "இன்ஸ்டோல்" என்பதை அமத்த வேண்டாம். "ட்ரை" போதும்.

3. வேறு எதையும் தொடுவதற்கு முன் ஹோம் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். விண்டோஸ் பகுதி என்றாலும் பெரும்பாலும் இப்படியே எடுக்கலாம். பகுதி பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதற்குரிய சாவி வேண்டும்.

4. டிஸ்க்கே சாகிறதா என்று பாருங்கள். சாகிறது என்றால் அதில் திருத்த வேலை எதுவும் செய்ய வேண்டாம். டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

5. டிஸ்க் நல்லது என்றால் கோப்பு அமைப்பைச் சோதியுங்கள். அந்தப் பகுதி திறந்திருக்கும்போது சோதிக்கக் கூடாது.

6. பிறகு வாசலைத் திருத்துங்கள். க்ரப்பை மறுபடி எழுத பூட்-ரிப்பேர் மாதிரிக் கருவிகள் உண்டு.

7. அதுவும் சரிவராவிட்டால் டைம்ஷிஃப்ட்.

8. எல்லாம் முடிந்த பிறகுதான் மறு இன்ஸ்டோல். ஹோமைத் தனிப் பகுதியாக வைத்திருந்தால் அதை ஃபோர்மட் பண்ணாமல் சிஸ்டத்தை மட்டும் போடலாம்.

ஃபோர்மட் இந்த வரிசையில் எட்டாவது. நம்ம ஊரில் அது முதலாவதாக இருக்கிறது.

இதைச் செய்யப் பெரிய காசு வேண்டாம். ஒவ்வொரு தோட்டத்திலும் வாசிகசாலையிலோ கோயில் மடத்திலோ ஒரு சரிபார்த்த லினக்ஸ் பென்டிரைவ் இருந்தால் போதும். பக்கத்தில் ஒரு கொப்பியும் வேண்டும். யாருடைய மெஷினில் என்ன செய்தி வந்தது, என்ன செய்தோம், சரிவந்ததா இல்லையா என்று அதில் தமிழில் எழுத வேண்டும். சரிவராததையும் எழுத வேண்டும். ஸ்லாக்வேர் தொடங்கி டைம்ஷிஃப்ட் வரைக்கும் எல்லாம் வளர்ந்தது இப்படித்தான். ஒருத்தர் உடைத்ததை மறைக்காமல் எழுதி வைத்தார், அடுத்தவர் அங்கிருந்து தொடங்கினார். தமிழில் அந்தக் கொப்பி இன்னும் மெல்லிசாகத்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இப்போதைக்கு எழும்பாமல் கிடக்கிற ஒரு மெஷின் இருந்தால், கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அதன் திரையைப் படம் எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.